'குவெஞ்ச்' என்பதற்கு 'உடைப்பு' சரியா?

கடலூர் முதுநகரிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம். ஆய்வகக் காந்தக் கையேட்டின் வரைவில் 'குவெஞ்ச்' (quench, மீக்கடத்திக் காந்தம் திடீரென்று தன் நிலையை இழப்பது) என்ற சொல்லுக்கு எதிரே 'தணிப்பு' என்று இருக்கிறது. அதை எடுத்துவிட வேண்டும் என்பது என் கருத்து.

தணிவது என்றால் சூடு குறைவது. பட்டறையில் பழுக்கக் காய்ச்சிய அரிவாளைத் தண்ணீரில் முக்கித் தோய்ச்சல் போடுகிறார்களே, அதற்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான். மீக்கடத்திக் காந்தத்தில், அதாவது கடுங்குளிரில் மின்தடையே இல்லாமல் மின்னோட்டம் ஓடும் நாடாவைச் சுற்றிய காந்தத்தில், நடப்பது நேர்மாறு. நாடாவில் ஓரிடம் மீக்கடத்தும் நிலையை இழக்கிறது. அங்கே மின்தடை முளைக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் மின்னோட்டமே அந்த இடத்தைச் சூடாக்க, சூடு பக்கத்து இடத்தையும் கெடுக்கிறது. 'தணிப்பு' என்று படிக்கிற மாணவர் காந்தம் அமைதியாகக் குளிர்ந்து அடங்குகிறது என்றே எண்ணுவார்.

நம் பக்கத்தில் இதற்குச் சொல் இருக்கிறது: உடைப்பு. ஏரிக்கரையில் நண்டுவளை அளவுக்கு ஓட்டை விழும். அதில் புகும் தண்ணீரே மண்ணை அரித்து ஓட்டையைப் பெரிதாக்கும். தேங்கிய தண்ணீர்தான் கரையை உடைக்கிறது, வெளியிலிருந்து எதுவும் வர வேண்டியதில்லை. காந்தத்தில் தேங்கியிருப்பது புலத்தின் ஆற்றல். மின்தூண்டல் 10 ஹென்றி உள்ள சுருளில் 100 ஆம்பியர் ஓடினால் 50 கிலோஜூல். அத்தனையும் திரவ ஹீலியத்தில் இறங்கினால் ஏறக்குறைய 19 லிட்டர் ஆவியாகும். ஒவ்வொரு லிட்டரும் 700 லிட்டருக்கு மேல் வாயுவாக விரிந்து அறையின் ஆக்சிஜனைத் தள்ளிவிடும். எச்சரிக்கைப் பலகையில் 'தணிப்பு' என்று எழுதவே கூடாது.

வினையும் கையோடு கிடைக்கிறது: காந்தம் உடைப்பெடுத்தது.

காலாப்பட்டிலிருந்து:

> காந்தம் உடைப்பெடுத்தது

ஐயா, தணிப்பு போகட்டும், அதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் உங்கள் சொல் இரண்டு இடத்தில் இடறுகிறது.

ஒன்று, பொருளே உடைந்ததாகத் தோன்றும். 2008 செப்டம்பர் 19 அன்று ஐரோப்பாவின் செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகத்தில் இரு காந்தங்களுக்கிடையே இருந்த மின்இணைப்பு பழுதாகி, மின்பொறி ஹீலியக் கலத்தைத் துளைத்தது. ஏறக்குறைய 6 டன் ஹீலியம் வெளியேறியது, காந்தங்கள் இடம் பெயர்ந்தன. அங்கே குவெஞ்சும் நடந்தது, இரும்பும் உடைந்தது. இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் அறிக்கை எழுத முடியாது.

இரண்டாவதுதான் முக்கியம். உயர்வெப்பநிலை நாடாவில் (மற்ற மீக்கடத்திகளைவிடக் கூடிய வெப்பநிலையிலும் மீக்கடத்தும் நாடா) உங்கள் உடைப்பு சட்டென்று அகலமாவதில்லை. திரவ ஹீலியத்தின் 4.2 கெல்வினில், வழக்கமான நயோபியம்-டைட்டானியக் கம்பியில் அது விநாடிக்குப் பல மீட்டர் ஓடும். சுருள் முழுவதும் சூட்டைப் பங்கிட்டுக்கொள்வதால் எந்த இடமும் அதிகம் வேகாது. உயர்வெப்பநிலை வகையான அருமண் தாமிர ஆக்சைடு நாடாவில் வேகம் விநாடிக்குச் சில மில்லிமீட்டர், மிஞ்சினால் சில சென்டிமீட்டர். நிலை இழக்கும் வெப்பநிலை எட்டாத உயரத்தில் இருக்கிறது, வெப்ப ஏற்புத்திறனும் அதிகம். அதனால் ஆற்றல் முழுவதும் ஒரே புள்ளியில் விழுகிறது. 4 மிமீ அகல நாடாவில் இருபுறமும் சேர்த்து 40 மைக்ரான் செம்பு இருந்தால், 100 ஆம்பியர் என்பது செம்பில் சதுர மிமீக்கு 625 ஆம்பியர். சூடு வெளியேற வழியில்லையென்றால் அந்தப் புள்ளி ஓரிரு விநாடியில் அறை வெப்பநிலையைத் தாண்டிவிடும். அந்நேரம் தெரியும் மின்னழுத்தமோ மில்லிவோல்ட் கணக்கில்தான். மின்னோட்டத்தை விநாடிக்கு 0.1 ஆம்பியர் ஏற்றும்போது 10 ஹென்றி சுருளில் தூண்டப்படுவதே 1 வோல்ட். ஆகவே நடுவில் ஒரு கம்பி எடுத்து இரு பாதிகளையும் சமன்செய்து பார்த்தால்தான் சிறு மாற்றம் கண்ணில் படும்.

முதுநகரிலிருந்து:

முதல் மறுப்புக்கு விடை தமிழிலேயே இருக்கிறது. பொருள் சேதத்துக்கு 'முறிவு', 'உடைவு' என்று வைத்துக்கொள்ளலாம். நாடாவின் அடுக்குகள் உரிந்து வருவதற்கு 'அடுக்குப் பிரிவு'. எப்பாக்சி ஊற்றிய சுருளைக் குளிர்விக்கும்போது பிசின் நாடாவைவிட அதிகமாகச் சுருங்கி அடுக்குகளை இழுத்துப் பிரிப்பதும், அதைத் தவிர்க்கப் பாரஃபின் மெழுகு ஊற்றுவதும் கையேட்டில் தனிப் பகுதி. அங்கே 'உடைப்பு' வரவே வராது. முதல் முறை 'மீக்கடத்துநிலை உடைப்பு' என்று முழுதாக எழுதிவிட்டு, பிறகு சுருக்கலாம்.

இரண்டாவது மறுப்பை ஏற்கிறேன். அதுவே இன்னொரு சொல்லையும் தருகிறது. அகலமாகாத உடைப்பில் தண்ணீர் கீழே குடைந்து மடு பறிக்கும். வேகும் புள்ளியைச் 'சூட்டுமடு' என்போம். ஆற்றலை வெளியே எடுத்து எரிக்கும் மின்தடைக்குக் 'கலிங்குத் தடை'.

பாகூரிலிருந்து:

சூட்டுமடு மிக நன்று. கலிங்குத் தடை மட்டும் வேண்டாம். ஏரி நிரம்பினால் கலிங்கில் தண்ணீர் தானே வழியும், யாரும் திறக்க வேண்டாம். இந்தத் தடையோ, உணரி கண்டுபிடித்துத் துண்டிப்பானைத் திறந்தால்தான் வேலை செய்யும். அது மதகைச் சேர்ந்தது. 'வடிகால் தடை' போதும். அளவையும் பதிவில் சேர்க்க வேண்டும்: அதே சுருளுக்கு 5 ஓம் வைத்தால் தொடக்க மின்னழுத்தம் 500 வோல்ட், தணியும் நேரமாறிலி (மின்னோட்டம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறையும் நேரம்) 2 விநாடி. மேலே சொன்ன நாடாவுக்கு அது மெதுவு. 10 ஓம் வைத்தால் 1 விநாடி, ஆனால் 1000 வோல்ட்டைக் காப்புறை தாங்க வேண்டும்.

கலிங்கு என்ற சொல்லை வேறோர் இடத்துக்கு வைத்திருங்கள். 2011-இல் காந்த ஆய்வாளர் ஹானும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட சுருள் சுற்றும் முறையில் சுற்றுகளுக்கிடையே காப்பே கிடையாது. ஓரிடம் கெட்டால் மின்னோட்டம் தானே அடுத்த சுற்றுக்குத் தாண்டி அந்த இடத்தைச் சுற்றிப் போகிறது. இதுதான் அசல் கலிங்கு. 2019-இல் ஓர் ஆய்வுக் காந்தத்தின் புலம் 45.5 டெஸ்லாவைத் தொட்டபோது அதன் உள்ளே இருந்தது இத்தகைய சுருள்தான். மின்னோட்டம் ஏற்றும்போதும் ஒரு பகுதி குறுக்கே கசிவதால் புலம் மின்னோட்டத்துக்குப் பின்தங்கும், நிலைக்கும்வரை காத்திருக்க வேண்டும். 'கலிங்குச் சுருள்' என்றால் அந்தக் கசிவும் பெயரிலேயே தெரியும்.

முதுநகரிலிருந்து:

ஒப்புக்கொள்கிறேன், வடிகால் தடையும் கலிங்குச் சுருளும் பதிவில் ஏறுகின்றன. பலகை வாசகம்: 'காந்தம் உடைப்பெடுத்தால் உடனே வெளியேறுக, ஆக்சிஜன் அளவு பார்க்காமல் திரும்ப நுழையாதீர்.' வாயுவைக் கூரைக்கு வெளியே கொண்டுபோகும் குழாய்க்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. 'போக்கி' என்று தொடங்கலாமா?