மறு: பிளேஸ்ஹோல்டருக்குத் தமிழில் என்ன? ‘நிரப்பிடம்’ என்று வைக்கலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

ஆவணத்தில் ‘உங்கள் பெயர்’ என்பதுபோல, வாசகர் எடுத்துவிட்டுத் தன் விவரத்தை இட வேண்டிய மாதிரிச் சொல்தான் பிளேஸ்ஹோல்டர். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டு சும்மா இருந்தேன். நேற்று வந்த மடலுக்குப் பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

> ‘ஒதுக்கிடம்’ என்றே வைத்துவிடலாம். முதலில் புரியாது, போகப்போகப் பழகிவிடும்.

யாருக்குப் பழகிவிடும்? நாம் மொழிபெயர்ப்பது நிறுவல் வழிகாட்டி. முனையத்தை (ஆணைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினல் சாளரம்) வாழ்க்கையில் முதல்முறை திறப்பவர்தான் அதைப் படிக்கப்போகிறார். பழகும்வரை அவர் காத்திருக்க மாட்டார், பக்கத்தை மூடிவிட்டுப் போய்விடுவார்.

போன மாதம் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் சனிக்கிழமைப் பட்டறை நடத்தினேன். கிட் என்பது கோப்புகளின் மாற்ற வரலாற்றைப் பதிந்துவைக்கும் கருவி. வழிகாட்டியில், ஒரு திட்டத்தை நம் கணினிக்கு நகலெடுக்கும் ‘கிட் குளோன்’ ஆணையை அடுத்து, கோண அடைப்புக்குள் ‘யூஆர்எல்’ என்று இருந்தது, அதாவது அங்கே திட்டத்தின் இணைய முகவரியை இட வேண்டும். இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர் அதை அடைப்போடு சேர்த்து அப்படியே அடித்து என்டர் தட்டினார். ‘நியூலைன்’ (புதுவரி) பக்கத்தில் தொடரியல் பிழை என்று, முனையத்தில் ஆணைகளை வாங்கி இயக்கும் பாஷ் கத்தியது. “அண்ணா, நான் நியூலைன்னு எதுவுமே அடிக்கலையே?” என்றார். நியாயமான கேள்வி. பாஷைப் பொறுத்தவரை திறக்கும் கோணம் என்றால் ‘இந்தக் கோப்பிலிருந்து உள்ளீட்டை எடு’, மூடும் கோணம் என்றால் ‘வெளியீட்டை இந்தக் கோப்பில் எழுது’. மூடும் கோணத்துக்கு அப்புறம் கோப்பின் பெயர் வரும் என்று பார்த்தால் வரி முடிந்துவிட்டது. அதைத்தான் அது நியூலைன் என்று சொன்னது. இதை அந்தப் பெண்ணுக்கு விளக்க எனக்கு ஐந்து நிமிடம் ஆனது. வழிகாட்டியில் ஒரு வரி இருந்திருந்தால் அந்த ஐந்து நிமிடமும் மிச்சம்.

அடுத்த மேசைப் பையனுக்குப் பிழையே வரவில்லை, அது இன்னும் மோசம். ‘நீங்கள் யாரென்று சொல்லுங்கள்’ என்று கிட் கேட்டு, கூடவே இரண்டு மாதிரி ஆணைகளையும் காட்டுமே, அவற்றை அப்படியே நகலெடுத்து ஒட்டிவிட்டார். பெயர்: யுவர் நேம். மின்னஞ்சல்: யூ அட் எக்ஸாம்பிள் டாட் காம். கிட் மறுபேச்சு இல்லாமல் ஏற்றுக்கொண்டது. வீட்டுக்கு வந்து, நம் திட்டக் கோப்புகள் இருக்கும் களஞ்சியத்தின் வரலாற்றைப் புரட்டினால், அதிலும் ‘யுவர் நேம்’ என்பவர் நான்கு மாற்றங்கள் செய்திருக்கிறார். நல்ல மாற்றங்கள்தான்.

எக்ஸாம்பிள் டாட் காம் 1999-லேயே ஆர்எஃப்சி 2606 என்ற இணைய விதி ஆவணத்தின் மூலம் ஆவணங்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. அதனால் நம் அறிவிப்பு அஞ்சல் எதுவும் முன்பின் தெரியாத ஒருவரின் பெட்டிக்குப் போய் விழாது. (இடையில் ஒன்று: 2007-இல் இணைய முகவரிப் பெயர்களை (டொமைன்) பல மொழி எழுத்துகளில் சோதிக்கப் பதினொரு முகவரிகளை இணையத்தின் வேர் வழங்கிகளில் ஏற்றினார்கள். அவற்றில் தமிழும் ஒன்று, ‘உதாரணம்.பரிட்சை’. ‘பரீட்சை’ அல்ல, குறில்தான். கலைச்சொல்லை அவசரமாக முடிவு செய்தால் இப்படித்தான்.)

சரி, சொல்லுக்கு வருகிறேன்.

‘ஒதுக்கிடம்’ வேண்டாம் என்பதற்கு என் காரணம் எளிது. நினைவக ஒதுக்கீடு, வட்டு ஒதுக்கீடு என்று ‘ஒதுக்கு’ ஏற்கெனவே வேறு வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது. இழையில் வந்த ‘இடங்காட்டி’ என்றதும் எனக்கு ஜிபிஎஸ்தான் நினைவுக்கு வருகிறது. பேருந்தில் சன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பதை வைத்து ‘துண்டுச்சொல்’ என்றாரே ஒருவர், அதைப் படித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தேன். ஆனால் துண்டுச் சீட்டு, துண்டுப் பிரசுரம் என்று அது வேறெங்கோ இழுத்துப் போகும்.

தமிழ்வழியில் படித்த யாரும் இந்தக் கருத்தைப் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. ‘கோடிட்ட இடங்களை நிரப்புக’ என்று மூன்றாம் வகுப்பிலிருந்தே எழுதி வருகிறோம். கோட்டையே விடையாக எழுதிவைத்த பிள்ளையை யாராவது பார்த்திருக்கிறோமா? பேசாமல் ‘கோடிட்ட இடம்’ என்றே வைத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதிய நண்பர் அங்கே வினாத்தாளில் ‘கீறிட்ட இடத்தை நிரப்புக’ என்று வரும் என்றார். கோடும் கீறும் ஊருக்கு ஊர் மாறினாலும் ‘நிரப்பு’ மாறவில்லை. அதனால் நிரப்பு, இடம் இரண்டையும் சேர்த்து ‘நிரப்பிடம்’. இருப்பிடம், பிறப்பிடம் போன்ற கட்டமைப்புதான், நாக்குக்குப் புதிதில்லை. பெட்ரோல் பங்க் மாதிரி ஒலிக்கிறது என்று வீட்டில் ஒரு விமர்சனம் வந்தது. பதிவு செய்துகொள்கிறேன்.

சொல் கிடைத்தால் மட்டும் போதாது, பக்கத்தில் அதை எப்படிக் காட்டுவது என்பதும் பாக்கி. மேன் பக்கங்களில் (முனையத்திலேயே படிக்கும் கையேடுகள்) அப்படியே அடிக்க வேண்டியது தடித்த எழுத்தில் இருக்கும், மாற்ற வேண்டியது சாய்வெழுத்தில் இருக்கும். முனையத்தில் அந்தச் சாய்வு பெரும்பாலும் அடிக்கோடாகத் தெரியும். பாருங்கள், அங்கேயும் கோடுதான்! குனூ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தின் கருவிகளுக்கான உதவிப் பக்கங்களில் ஆங்கிலப் பெரிய எழுத்து (கேப்பிடல்), கிட் ஆவணங்களில் கோண அடைப்பு. புதியவர் ஒரே மதியத்தில் மூன்றையும் சந்திக்கிறார், இவையெல்லாம் ஒன்றுதான் என்று அவருக்கு யாரும் சொல்வதில்லை.

தமிழில் பெரிய எழுத்து கிடையாது. சாய்வெழுத்து பல எழுத்துருக்களில் தனியாக வரையப்படாமல், உலாவி தானே சரித்துக் காட்டுவதாக இருக்கிறது, பார்க்கச் சகிக்கவில்லை. கோண அடைப்பு என்ன செய்யும் என்று மேலே பார்த்தோம். ஆனால் ஆங்கிலத்தில் எழுதுபவர்களுக்கு இல்லாத ஒரு வசதி நமக்கு உண்டு. ஆணை முழுதும் ஆங்கில எழுத்தில் இருக்க, நடுவில் ‘உங்கள்-பெயர்’ என்று தமிழில் வந்தால் எந்த அடைப்பும் இல்லாமலே கண்ணில் படும். ஆகவே நம் ஆவணங்களில் நிரப்பிடங்களை எல்லாம் தமிழிலேயே எழுதுவோம். ஒவ்வொரு பக்கத்திலும் முதல் ஆணைக்கு மேலே ஒரு வரி சேர்ப்போம்: ‘ஆணையில் தமிழில் இருப்பவை நிரப்பிடங்கள், அவற்றை எடுத்துவிட்டு உங்கள் விவரத்தை இடுங்கள்.’

இதனால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல மாட்டேன். கிட் ஒருங்குறிப் (யூனிகோடு) பெயர்களையும், அதாவது தமிழில் எழுதிய பெயர்களையும், ஏற்கும். நாளைக்கே ‘உங்கள் பெயர்’ என்றொரு பங்களிப்பாளர் வந்து சேரலாம்.

இன்னொரு கேள்வியும் இழையில் வந்தது:

> மொழிபெயர்ப்புச் சரங்களில் வரும் %1, %2 ஆகியவற்றுக்கும் இதே சொல்தானா?

மென்பொருள் காட்டும் செய்திகளில், கோப்பின் பெயர் போன்றவற்றை நிரல் ஓடும்போது வைக்கும் இடங்கள்தான் இந்த %1, %2. அவற்றுக்கு இதே சொல் வேண்டாம் என்பேன். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர் என்பதால் நமக்கும் ஒன்றுதான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆவணத்தில் உள்ளதை நிரப்புவது வாசகர், %1-ஐ நிரப்புவது நிரல். முன்னதை மாற்றியே ஆக வேண்டும், பின்னதில் மொழிபெயர்ப்பாளர் கை வைக்கவே கூடாது. நேரெதிரான இரண்டு அறிவுரைகளை ஒரே சொல்லுக்குக் கீழே எழுதினால் குழப்பம்தான் மிஞ்சும். நிரல் நிரப்புவதற்கு ‘இடம்பிடி’ என்று ஏற்கெனவே சிலர் எழுதுகிறார்கள், அது அங்கேயே இருக்கட்டும்.

இடம்பிடியின் தொல்லையும் வேறு வகை. ‘%1-ஐத் திறக்க முடியவில்லை’ என்று மொழிபெயர்த்தால், ‘படம்’ என்ற கோப்புக்குத் திரையில் ‘படம்-ஐத் திறக்க முடியவில்லை’ என்று வந்து நிற்கும். ‘படத்தை’ என்று திரிக்க நிரலுக்குத் தெரியாது. ‘%1 என்ற கோப்பைத் திறக்க முடியவில்லை’ என்று எழுதினால், வேற்றுமை உருபு நம் கையில் உள்ள ‘கோப்பு’ மேல் ஏறிக்கொள்ளும், இடம்பிடி பாட்டுக்கு இருக்கும். புதிதாகச் சேரும் மொழிபெயர்ப்பாளர்களுக்கு இந்த ‘என்ற’ உத்தியை முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது. நான் இரண்டு வருடம் கழித்துத்தான் கற்றேன்.

படிவப் பெட்டிக்குள் மங்கலாகத் தெரியும் எழுத்துக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர்தான். அதைத் தனி இழையில் பேசலாம்.

ஞாயிறு வரை காத்திருக்கிறேன். வலுவான மறுப்பு வராவிட்டால் சொற்பட்டியலில் ‘நிரப்பிடம்’ சேர்த்துவிட்டு, நிறுவல் வழிகாட்டியின் முதல் இரண்டு பக்கங்களை மட்டும் மாற்றி அனுப்புகிறேன். அடுத்த பட்டறையில் அந்தப் பக்கங்களை வைத்துப் பார்த்துவிட்டு மற்றவற்றில் கை வைக்கலாம்.

அப்புறம், அந்த ‘யுவர் நேம்’ இந்தக் குழுவில் இருந்தால் தயவுசெய்து எனக்குத் தனிமடல் அனுப்பவும். பங்களிப்பாளர் பட்டியலில் உங்கள் பெயரைச் சேர்க்க வேண்டும்.

அன்புடன்,
வழிகாட்டி மொழிபெயர்ப்பில் இருக்கும் ஒருவன்