குளோன் கோஸ்டர்: நகலா, மறுதடமா, வழிப்படைப்பா?

குழு நண்பர்களுக்கு வணக்கம். கேளிக்கைப் பூங்காக்களுக்கான நம் தமிழ்ச் சொற்பட்டியலில் குளோன் கோஸ்டருக்கு என்ன சொல் வைப்பது என்ற பேச்சுக்கு என் பதில் இது. குழுவில் வந்த கேள்விகளை மேற்கோளாகக் காட்டி, கீழே பதில் எழுதியிருக்கிறேன்.

> குளோன் என்றால் நகல். பேசி முடித்த சொல்லுக்கு ஏன் இத்தனை மடல்?

ஐயா, இன்னும் பேசி முடிக்கவில்லை என்றே நினைக்கிறேன். நகல் நல்ல சொல். உயிரியலில் நகலாக்கம் என்று பலரும் எழுதுகிறோம், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் கேளிக்கைப் பூங்காச் சொற்பட்டியலில் அதை அப்படியே போட முடியாது. ரோலர் கோஸ்டர் ரசிகர்கள் குளோன் என்று சொல்வது ஒன்று. போட்டிப் பூங்காக்கள் ஒன்றைப் பார்த்து மற்றொன்று கட்டுவது வேறொன்று. இரண்டுக்கும் நகல் என்று எழுதினால், முதலாவதில் இல்லாத திருட்டு வந்து ஒட்டிக்கொள்ளும். இரண்டாவதில் இருக்கிற உழைப்பு காணாமல் போகும்.

முதலில் குளோனை எடுத்துக்கொள்வோம். சிகாகோவுக்கு வடக்கே கர்னி நகரில் உள்ள சிக்ஸ் ஃபிளாக்ஸ் கிரேட் அமெரிக்கா பூங்காவில் 1992இல் ‘பேட்மேன்: தி ரைடு’ திறந்தார்கள். தண்டவாளம் தலைக்கு மேலே இருக்கும். பயணிகள் அதற்குக் கீழே காலைத் தொங்கவிட்டபடி ஐந்து முறை தலைகீழாகச் சுழன்று வருவார்கள். செய்தது சுவிட்சர்லாந்தின் பொலிகர் அண்ட் மபியார் நிறுவனம். கூட்டம் அலைமோதியது. அடுத்த ஆண்டு நியூ ஜெர்சி, அதற்கடுத்த ஆண்டு கலிஃபோர்னியா, அப்புறம் செயின்ட் லூயிஸ், ஜார்ஜியா, டெக்சாஸ் என்று அதே குழுமத்தின் மற்றப் பூங்காக்களிலும் அதே தடத்தைப் போட்டார்கள். அதே தயாரிப்பாளர், அதே வரைபடம், காசு கொடுத்து வாங்கியது. அளவுச் சட்டையைத் தையல்காரரிடம் கொடுத்து ‘இதே மாதிரி இன்னொன்று’ என்று சொல்வது போன்ற காரியம். இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை.

நெதர்லாந்தின் வெகோமா நிறுவனம் செய்த ‘பூமராங்’ இன்னும் தெளிவான உதாரணம். முதலாவது 1984இல் வந்தது. வண்டி மூன்று முறை தலைகீழாகச் சுழன்று எதிர்முனைக்குப் போகும், பிறகு அதே வழியில் பின்னோக்கித் திரும்பும். இடமும் குறைவாகவே பிடிக்கும். பட்டியலில் பார்த்து வாங்கும் சரக்காகவே அதை விற்றார்கள். இன்று உலகமெங்கும் அது நிற்கிறது. இதை நகல் என்றால் எது மூலம் என்ற கேள்வி வரும். முதலில் கட்டியது மூலமல்ல, முதல் பிரதி. அவ்வளவுதான்.

அதனால் என் முன்மொழிவு: மறுதடம். மறுபதிப்பு என்ற சொல் நம்மிடம் ஏற்கெனவே பழகியிருக்கிறது. பதிப்பகத்தின் உரிமையோடு அதே நூல் மீண்டும் வருவது மறுபதிப்பு. உரிமையோடு அதே தடம் வேறு ஊரில் மீண்டும் வருவது மறுதடம். கேட்டவுடன் புரிகிறது, பழிச்சொல்லும் இல்லை.

> மறுதடம் சரி. ஆனால் போட்டிக்காரன் எடுத்துக்கொண்டால் அது திருட்டுத்தானே? அதற்கு நகல் என்று வைத்துக்கொள்ளலாமே.

இங்கேதான் எனக்கு மாறுபாடு. பேட்மேன் வந்து இரண்டே ஆண்டில், 1994இல் என்ன நடந்தது என்று பாருங்கள். ஒஹாயோவின் சீடர் பாயிண்ட், சிக்ஸ் ஃபிளாக்ஸுக்கு நேர்ப் போட்டி. அது அதே சுவிஸ் நிறுவனத்திடம் போய்த் தொங்கும் வண்டி கேட்டது. ஆனால் வாங்கியது பேட்மேன் தடம் அல்ல, தனக்கென்று வரைந்த இன்னும் உயரமான ‘ராப்டர்’. அதே ஆண்டு இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸில் ‘நெமிசிஸ்’ வந்தது. அங்கே மர உச்சிகளுக்கு மேல் எதுவும் தெரியக் கூடாது என்று கட்டுப்பாடு. உயரே போக முடியாததால் பாறையைத் தோண்டிக் கீழே இறங்கினார்கள். பள்ளத்துக்குள் பாறைகளை உரசுவது போல வண்டி பாய்கிறது. எடுத்துக்கொண்டது ஒரே யோசனை, கிடைத்ததோ கர்னியில் இல்லாத அனுபவம். நெமிசிஸைப் பார்த்துவிட்டு அதை நகல் என்று எழுத எனக்குக் கை வராது.

நெதர்லாந்திலேயே வெகோமா அதே ஆண்டில் தன் சொந்தத் தொங்கு வண்டியை இறக்கியது. அதைப் பூமராங் போலவே பட்டியல் சரக்காக்கிப் பல நாடுகளுக்கு விற்றது. ஆக, அந்த வண்டி ஒரு வகையில் பேட்மேனுக்குப் பின்னால் வந்தது. இன்னொரு வகையில் தனக்கே நிறைய மறுதடங்கள் கொண்டது. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இதை எப்படி எழுதுவது?

நம் மரபில் இதற்கு வழி இருக்கிறது. நூல்களை முதல்நூல், வழிநூல் என்று பிரிப்பது தொல்காப்பியக் காலத்து வழக்கம். நன்னூல் சார்புநூலையும் சேர்த்து மூன்றாகச் சொல்லும். முன்னோர் கண்ட முடிவோடு ஒத்துப்போய், பின்னால் வருபவன் தனக்கு வேண்டிய வேறுபாடுகளையும் சொன்னால் அது வழிநூல் என்பது நன்னூல் தரும் இலக்கணம். தொங்கும் வண்டி ஓடும், கூட்டம் சேரும் என்பது கர்னி கண்ட முடிவு. பள்ளம் தோண்டியது ஆல்டன் டவர்ஸ் சேர்த்த வேறுபாடு. இதைவிடப் பொருத்தமான அச்சு வேறெங்கே கிடைக்கும்? ஆனால் ‘வழித்தடம்’ என்று வைக்க முடியாது. பேருந்துக்காரர்கள் அதை எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டார்கள். அதனால் வழிப்படைப்பு.

> தழுவல் என்று ஏற்கெனவே இருக்கிறதே, தோழி. கதைக்கும் நாடகத்துக்கும் ஆகும் சொல் இதற்கு ஆகாதா?

ஆகும், ஓரளவுக்கு. தழுவலில் கதையின் உடல் கூடவே வரும், பாத்திரங்கள் வருவார்கள், வரிசை வரும். கோஸ்டர்களில் பெரும்பாலும் உடல் வருவதில்லை, நுட்பம் மட்டும் வருகிறது. உடலும் கூட வந்தால் மட்டும் தழுவல் என்போம். அப்படி ஒரு நேர்வும் இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

இந்தப் பார்த்துக் கட்டும் பழக்கம் ரோலர் கோஸ்டரோடு கூடவே பிறந்தது. நியூயார்க்கின் கோனி ஐலண்டில் லாமார்கஸ் தாம்சன் 1884இல் தன் ‘ஸ்விட்ச்பேக்’ வண்டியை ஓட்டினார். ஐந்து சென்ட் கட்டணம், மணிக்குச் சுமார் ஆறு மைல் வேகம். பயணிகள் ஒரு கோபுரத்தில் ஏறி உட்கார வேண்டும். வண்டி மேடும் பள்ளமுமாக உருண்டு எதிர்முனையில் நிற்கும். எல்லோரும் இறங்க வேண்டும், ஊழியர்கள் வண்டியைத் தள்ளி அடுத்த தடத்துக்கு மாற்றுவார்கள், மறுபடி ஏறித் திரும்ப வேண்டும். கூட்டம் அள்ளியது. அதே ஆண்டு சார்ல்ஸ் அல்கோக் என்பவர் இரண்டு முனைகளையும் வளைத்துச் சேர்த்துவிட்டார். ஏறிய இடத்திலேயே இறங்கலாம், நடுவில் இறங்கி ஏறும் வேலை இல்லை. அடுத்த ஆண்டு பிலிப் ஹிங்கிள், வண்டியையே இயந்திரத்தால் மேட்டுக்கு இழுத்துவிட்டார். பயணிகள் படியேறத் தேவையில்லை. தாம்சனும் சும்மா இருக்கவில்லை. 1887இல் அட்லாண்டிக் சிட்டியில் குகை, ஓவியம், விளக்கு எல்லாம் வைத்து ‘சீனிக் ரயில்வே’ கட்டினார்.

இதில் யாரை நகலெடுத்தவர் என்பீர்கள்? அல்கோக் தாம்சனைப் பார்த்தார், ஹிங்கிள் இருவருக்கும் பின்னால் வந்தார், தாம்சன் எல்லோருக்கும் பதில் சொன்னார். மூன்றே ஆண்டில் இன்றைய கோஸ்டரின் எலும்புக்கூடு தயார். ஒருவரே தனியாக உட்கார்ந்து யோசித்திருந்தால் இது இருபது ஆண்டு வேலை என்பது என் கணிப்பு.

1920களில் அதே கோனி ஐலண்டில் இன்னொரு சுற்று. 1925இல் ‘தண்டர்போல்ட்’ வந்தது. 1926இல் ‘டொர்னேடோ’. இரண்டும் சம்பாதிப்பதைப் பார்த்து 1927இல் ‘சைக்ளோன்’. இடி, சூறாவளி, புயல் என்று பெயரிலேயே போட்டி தெரியும். முதல் இரண்டும் இன்று இல்லை. மூன்றாவதாக வந்த சைக்ளோன் இன்னும் ஓடுகிறது, 1988இல் நியூயார்க் நகரம் அதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாகவும் அறிவித்தது. வழிப்படைப்பு என்பதால் மதிப்புக் குறைவு என்று யாராவது எழுதினால், நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

நான் மேலே சொன்ன தழுவல் நேர்வு இந்தச் சைக்ளோனிடமிருந்தே வருகிறது. 1970களில் ஹூஸ்டனின் ஆஸ்ட்ரோவேர்ல்டு பூங்கா இதையே விலைக்கு வாங்கிப் பிரித்துக் கொண்டுபோகப் பார்த்தது. செலவு கட்டுப்படியாகவில்லை. அதற்குப் பதிலாக 1976இல் ‘டெக்சாஸ் சைக்ளோன்’ என்று புதிதாகவே கட்டியது. தடத்தின் வரிசை கோனி ஐலண்டுடையது, இடம் மட்டும் வலமாக மாறியிருந்தது, உயரம் சற்றுக் கூடுதல். இங்கே உடலே வந்துவிட்டது. இது தழுவல். பின்னால் கர்னியிலும் ‘வைப்பர்’ என்ற பெயரில் கோனி ஐலண்டின் கண்ணாடிப் பிம்பம் ஒன்று எழுந்தது. இப்படி இடம் வலம் மாறிய தடங்கள் மறுதடங்களிலும் உண்டு. அவற்றுக்குப் பள்ளிப் பாடநூலில் உள்ள இடவல மாற்றத்தை எடுத்து ‘இடவல மறுதடம்’ என்று சொல்லிப் பார்க்கிறேன்.

> உயரப் போட்டிக்கு என்ன சொல்? ‘எசக்கோஸ்டர்’ என்று வைக்கலாமா?

எசப்பாட்டிலிருந்து எடுத்த இந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. கட்டுரையில் தாராளமாக எழுதலாம். கலைச்சொல்லாக ஏற்கத் தயங்குவதற்குக் காரணம், பாட்டுக்கு எசப்பாட்டு என்றால் முதல் பாட்டைக் கேட்டிருக்க வேண்டும். உயரப் போட்டியில் அது எப்போதும் உண்மையில்லை. சீடர் பாயிண்ட் 2000 மே மாதம் 310 அடியில் ‘மில்லேனியம் ஃபோர்ஸ்’ திறந்தது. ஜப்பானின் நாகஷிமா ஸ்பா லேண்டு ஆகஸ்டில் 318 அடியில் ‘ஸ்டீல் டிராகன் 2000’ திறந்தது. எட்டடி கூடுதல் என்றதும் பதிலடி போலத்தான் தோன்றும். மூன்று மாதத்தில் அப்படி ஒன்றைக் கட்ட முடியாது, இரண்டும் ஒரே நேரத்தில் எழுந்தவை. 1997இல் ஆஸ்திரேலியாவின் டிரீம்வேர்ல்டும் கலிஃபோர்னியாவின் மேஜிக் மவுண்டனும் மணிக்கு நூறு மைல் வேக வண்டிகளைச் சில வாரங்கள் இடைவெளியில் திறந்தன. இரண்டையும் செய்தது இன்டமின் என்ற ஒரே நிறுவனம். யார் யாரைப் பார்த்தார்கள் என்று அங்கே கேட்பதில் பொருளில்லை. யோசனை ஒரே கடையிலிருந்து இரண்டு வாடிக்கையாளர்களுக்குப் போயிருக்கிறது.

உண்மையான எசப்பாட்டு வேண்டுமானால் 2003ஐயும் 2005ஐயும் பாருங்கள். சீடர் பாயிண்டின் ‘டாப் திரில் டிராக்ஸ்டர்’ 420 அடி, மணிக்கு 120 மைல். இரண்டே ஆண்டில் நியூ ஜெர்சியின் சிக்ஸ் ஃபிளாக்ஸ் கிரேட் அட்வென்ச்சர் அதே இன்டமினிடம், அதே நீர்ம அழுத்த உந்துவிசையோடு ‘கிங்டா கா’வை வாங்கியது: 456 அடி, 128 மைல். கடைசியில் 129 அடிக் குன்று ஒன்றைச் சேர்த்தார்கள், அதுதான் நன்னூல் சொன்ன, பின்னால் வருபவன் வேண்டிய வேறுபாடு. எனக்கு இது வழிப்படைப்புகளில் சோம்பேறியான வகை. ஆல்டன் டவர்ஸ் போல யோசிக்கவில்லை, அளவை மட்டும் கூட்டினார்கள். இருந்தாலும் வகை அதுவே. 2024இல் இரண்டு பூங்காக்களின் உரிமையாளர் நிறுவனங்களும் ஒன்றாக இணைந்தன. 2025 பிப்ரவரியில் கிங்டா காவை வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

சில்லறைச் சொற்கள் சில மீதி இருக்கின்றன, சுருக்கமாகச் சொல்கிறேன். ஹைப்பர், கிகா, ஸ்ட்ராட்டா எல்லாம் விளம்பரத்துக்காக வைத்த பெயர்கள். 200, 300, 400 அடிகளைத் தாண்டியவை என்பதே பொருள். இருநூற்றடி கோஸ்டர், முந்நூற்றடி கோஸ்டர், நானூற்றடி கோஸ்டர் என்று சொன்னால் வேலை முடிந்தது. ரோலர் கோஸ்டர் என்ற பெயரையே மாற்ற வேண்டும் என்ற கோரிக்கையை இப்போதைக்குத் தள்ளிவைக்கலாம். மக்கள் வாயில் இருப்பது அதுதான்.

தொங்கும் வண்டிகளில் மட்டும் கவனம் தேவை. பக்கவாட்டில் ஊசலாடுபவை ஒரு வகை, ஆடாமல் தலைகீழாகவும் போகும் பேட்மேன் வகை இன்னொன்று. முதலாவது ஊசல் கோஸ்டர், இரண்டாவது தொங்கு கோஸ்டர் என்று பிரித்துக்கொள்ளலாம். ‘தலைகீழ் கோஸ்டர்’ வேண்டாம். சாதாரணத் தடத்திலும் வண்டி தலைகீழாகச் சுழல்வதால் குழப்பம் வரும்.

சக்கரங்களுக்கு ஓடுசக்கரம், பக்கச்சக்கரம், அடிச்சக்கரம் என்று குழுவில் முன்வைத்த பட்டியல் அருமை. தண்டவாளத்துக்கு அடியில் பிடித்துக்கொண்டு வண்டியை மேலே எழும்பவிடாத அடிச்சக்கரம், ஜான் மில்லர் 1919இல் காப்புரிமை பெற்றது. இன்று அது இல்லாத பெரிய கோஸ்டரைப் பார்ப்பது அரிது, அவர் பெயரை யாரும் சொல்வதும் இல்லை. அந்தப் பதிவில் அவர் பெயரையும் ஆண்டையும் சேர்த்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஆக, பட்டியலுக்கு நான் தருவது இது. மறுதடம்: தயாரிப்பாளரின் உரிமையோடு, அதே வரைபடப்படி வேறு இடத்தில் அமைத்த தடம். வழிப்படைப்பு: ஒரு பூங்காவில் வெற்றிபெற்ற நுட்பத்தை எடுத்து, வேறொரு பூங்கா தன் வேறுபாடுகளோடு அமைத்த கோஸ்டர். தழுவல்: தடத்தின் வரிசையையும் எடுத்துக்கொண்டு, அளவிலோ திசையிலோ மாற்றி வேறொருவர் கட்டியது. நகல் என்ற சொல்லை, வரைபடத்தை உரிமையில்லாமல் எடுத்துக் கட்டுவதற்கு மட்டும் வைத்துக்கொள்வோம்.

இடவல மறுதடத்தில் எனக்கே கொஞ்சம் நெருடல் இருக்கிறது, நீளமாகிவிட்டது. இயற்பியல் ஆசிரியர்கள் குழுவில் இருந்தால் இதைவிடச் சிறியதாக ஒன்று சொல்லுங்கள். மற்றவற்றுக்கு வரும் ஞாயிறுக்குள் மறுப்பு வராவிட்டால் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.

அன்புடன்.