8 இன்ச் டாப்சோனியனுக்கு ஒரே ஒரு நெபுலா ஃபில்டர்: யு.எச்.சி.யா, ஓ-3யா?

கொங்குவானம்:
வணக்கம். 8 இன்ச் எஃப்/6 டாப்சோனியன் தொலைநோக்கி வைத்திருக்கிறேன். ஐபீஸ்கள் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்கள்) 30 மி.மீ. (2 இன்ச்), 15, 9 (இரண்டும் 1.25 இன்ச்). கோவைக்கு வெளியே வீடு, மொட்டைமாடியிலிருந்து கோள்களும் ஓரியன் நெபுலாவும் நன்றாகத் தெரிகின்றன. ஆனால் ரோசெட், கலிஃபோர்னியா மாதிரி பெரிய மங்கலான நெபுலாக்களுக்கு (விண்வெளி வாயு மேகங்கள்) திருப்பினால் நட்சத்திரம் மட்டும்தான், புகை மாதிரிகூட எதுவும் இல்லை. கேமரா கிடையாது, கண்ணால் பார்ப்பதோடு சரி. ஃபில்டர் தேடினால் ஒளி மாசு ஃபில்டர், யு.எச்.சி., ஓ-3, எச்-பீட்டா என்று தலை சுற்றுகிறது, விலையும் ஆயிரத்துச் சொச்சத்தில் தொடங்கி எங்கேயோ போகிறது. என்னால் ஒன்றுதான் வாங்க முடியும். எதை வாங்கலாம்? கேலக்ஸிகளுக்கும் அது உதவுமா?

தொண்டைநாட்டான்:
கேலக்ஸிக்கு உதவாது, அதை முதலிலேயே மறந்துவிடுங்கள். கேலக்ஸி என்பது கோடிக்கணக்கான நட்சத்திரங்களின் ஒளி, எல்லா நிறத்திலும் பரவிக் கிடப்பது. ஃபில்டர் போட்டால் வானத்தோடு சேர்ந்து அதுவும் மங்கும். எம் 78, கார்த்திகைக் கூட்டத்தைச் சுற்றியுள்ள தூசு போன்ற, நட்சத்திர ஒளியை வெறுமனே திருப்பி அனுப்பும் பிரதிபலிப்பு நெபுலாக்களும் அப்படித்தான். ஒளிரும் வாயு மட்டுமே குறிப்பிட்ட சில அலைநீளங்களில் ஒளி விடுகிறது. இருட்டுக்குப் பழகிய நம் கண்ணுக்கு எட்டுபவை முக்கியமாக மூன்று: ஹைட்ரஜனின் எச்-பீட்டா 486.1 நானோமீட்டர், ஆக்சிஜனின் ஓ-3 வரிகள் 495.9, 500.7. இருட்டில் கண்ணின் உணர்திறன் உச்சத்தில் இருப்பது 507 நானோமீட்டர் வாக்கில் என்பது நமக்கு அடித்த அதிர்ஷ்டம். படங்களில் சிவப்பாக வரும் எச்-ஆல்ஃபா 656-இல் இருக்கிறது, இரவில் அது கண்ணுக்கு அநேகமாக இல்லாததுதான்.

ஆக ஃபில்டர் நெபுலாவைப் பிரகாசமாக்குவதில்லை, சுற்றியுள்ள வானத்தைக் கருப்பாக்குகிறது. யு.எச்.சி. மூன்று வரிகளையும் விடும், அகலம் ஏறக்குறைய 25 நானோமீட்டர். ஓ-3 ஆக்சிஜன் வரிகள் இரண்டை மட்டும் விடும், அகலம் பத்துப் பன்னிரண்டு. 'ஒளி மாசு ஃபில்டர்' என்று விற்பவை பழைய சோடியம், பாதரச விளக்குகளின் ஒளியை வெட்டச் செய்தவை. இப்போது தெருவெல்லாம் வெள்ளை எல்.இ.டி., அதன் ஒளி இடைவெளியில்லாமல் பரவுவதால் அவற்றுக்கு வேலை குறைவு. மலிவு விலையில் யு.எச்.சி. என்று பெயர் போட்டு 50, 60 நானோமீட்டர் அகலத்துக்கு வருபவையும் உண்டு, வாங்கும் முன் அலைநீள வரைபடத்தைக் கேட்டுப் பாருங்கள், காட்ட மறுத்தால் நகர்ந்துவிடுங்கள்.

இன்னொன்று, எக்ஸிட் பியூபில், அதாவது ஐபீஸிலிருந்து கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம், மி.மீ.யில். ஐபீஸின் மி.மீ.யை தொலைநோக்கியின் எஃப் எண்ணால் (உங்களுக்கு 6) வகுத்தால் வருவது. உங்கள் 30 மி.மீ.க்கு 5, நெபுலாவுக்கு அருமை. 15-க்கு 2.5, பரவாயில்லை. 9-க்கு 1.5தான், அதில் ஓ-3 போட்டால் பெரும்பாலும் இருட்டைத்தான் பார்ப்பீர்கள்.

என் ஓட்டு: நல்ல யு.எச்.சி.

வால்மீன்வேட்டை:
அண்ணன் சொல்வதில் அறிவியல் எல்லாம் சரி, ஓட்டு மட்டும் தப்பு :) ஊர் ஓரத்து வானத்துக்கு ஓ-3தான். வெய்ல் நெபுலாவை (என்ஜிசி 6960, 6992) யு.எச்.சி.யில் பார்த்தால் 'ஆமா, இருக்கு' என்போம், ஓ-3 போட்டால் அதே இடத்தில் இழைகள் பிரிந்து தெரியும். ஆந்தை நெபுலா எம் 97, ஹீலிக்ஸ், தோர்ஸ் ஹெல்மெட் எல்லாவற்றுக்கும் இதே கதை. கோள் நெபுலாக்களின் (சாகும் நட்சத்திரம் உதறிய வாயுக் கூடுகள், கோள்களோடு சம்பந்தமில்லை) ஒளியில் பெரும்பங்கு அந்த ஆக்சிஜன் வரிகளில்தான் இருக்கிறது. 1864-இல் வில்லியம் ஹக்கின்ஸ் லண்டனில் தன் வீட்டு ஆய்வகத்திலிருந்து என்ஜிசி 6543 என்ற கோள் நெபுலாவை நிறமாலைமானியில் பார்த்தபோது பளிச்சென்று தெரிந்த பச்சை வரி இதுதான். பூமியில் தெரிந்த எந்தத் தனிமத்தோடும் பொருந்தாததால் 'நெபுலியம்' என்று ஒரு புதுத் தனிமத்தையே கற்பனை செய்தார்கள். 1927-இல் ஐரா போவென்தான் அது இரண்டு எலக்ட்ரான் இழந்த ஆக்சிஜன் என்று கண்டுபிடித்தார்.

சின்ன கோள் நெபுலாவைத் தேடவும் ஓ-3 நல்ல ஆயுதம். ஃபில்டரை ஐபீஸில் திருகாமல் கண்ணுக்கும் ஐபீஸுக்கும் நடுவில் பிடித்து உள்ளே வெளியே நகர்த்துங்கள், நட்சத்திரங்கள் எல்லாம் மங்கும்போது ஒன்று மட்டும் மங்காமல் நிற்கும், அதுதான் நெபுலா.

ஜவ்வாதுமலை_இரவு:
இரண்டு பேரும் சண்டை போடுங்கள், நான் நடுவில் ஒன்று சொல்கிறேன். ஃபில்டர் காசில் பாதியைப் பெட்ரோலுக்கு எடுத்து வைக்கவும். இருட்டான வானத்தில் ஃபில்டர் இல்லாமல் தெரிவது, மொட்டைமாடியில் ஃபில்டரோடு தெரிவதைவிடப் பல சமயம் அதிகம், அங்கே போய் ஃபில்டரும் போட்டால் கேட்கவே வேண்டாம். தலைமேல் கருப்புத் துணி போட்டுக்கொள்ளுங்கள். ஃபில்டர் பரப்பு கண்ணாடி மாதிரி, பக்கத்து வீட்டு பல்பு ஐபீஸுக்குள் புகுந்து அதில் பட்டுத் திரும்பினால் எல்லாம் வீண். கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் கொடுங்கள், அதுவரை போனைத் தொடாதீர்கள்.

நம் ஊரில் மழை மாதங்களில்தான் வெய்ல், லகூன் எல்லாம் உச்சிக்கு வருகின்றன, அதனால் ஏப்ரலில் விடிவதற்கு முன்னால் எழுந்து பார்ப்பதுதான் வழி. அதே ஏப்ரல் தொடக்கத்தில் இரவு பத்து மணி வாக்கில் தெற்கே ஈட்டா கரினா நெபுலா கோவையிலிருந்து 19 டிகிரி உயரத்தில் நிற்கும், லண்டன்காரருக்கு அடிவானத்துக்கு மேலேயே வராத பொருள் அது. தெற்குப் பக்கம் ஊர் வெளிச்சம் இல்லாத இடமாகப் பாருங்கள், யு.எச்.சி.யில் பிரமாதமாக இருக்கும்.

கொங்குவானம்:
எல்லோருக்கும் நன்றி. கலிஃபோர்னியாவுக்கு எச்-பீட்டா வேண்டும் என்கிறார்களே, அதையே வாங்கிவிட்டால்? அப்புறம் 1.25 இன்ச்சா, 2 இன்ச்சா?

தொண்டைநாட்டான்:
எச்-பீட்டாவுக்கு உருப்படியான இலக்குகள் கொஞ்சம்தான்: கலிஃபோர்னியா, குதிரைத்தலை, கக்கூன், இன்னும் சில. குதிரைத்தலை 8 இன்ச்சில் மிக இருட்டான வானம் கேட்கும். ஒரே ஃபில்டர் என்றால் அது வேண்டாம். ஆனால் நீங்கள் கேட்ட கலிஃபோர்னியாதான் இந்த விவாதத்தையே முடிக்கிறது. அதன் ஒளியில் எச்-பீட்டாதான் பிரதானம், ஓ-3 ஃபில்டர் போட்டால் காணாமல் போய்விடும், யு.எச்.சி.யில் நல்ல வானத்தில் மங்கலாகவாவது கிடைக்கும். ரோசெட் இரண்டிலும் தெரியும். கலிஃபோர்னியா இரண்டரை டிகிரி நீளம் என்பதால் உங்கள் 30 மி.மீ.க்குள் முழுசாக அடங்காது, தொலைநோக்கியை மெதுவாக நகர்த்தி விளிம்பைத் தேடுங்கள், நேராக உற்றுப் பார்க்காமல் ஓரக்கண்ணால்.

அளவு 2 இன்ச்தான். உங்களுக்கு அதிகம் தேவைப்படப்போவது அந்த 30 மி.மீ., அதில் திருக 2 இன்ச் வேண்டும். 2-லிருந்து 1.25-க்கு மாற்றும் அடாப்டரின் அடியில் திருகு வரி இருந்தால் அதே ஃபில்டரை அங்கே போட்டு 15 மி.மீ.யிலும் பார்க்கலாம். அடாப்டரைக் கழற்றி அடியில் வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.

வால்மீன்வேட்டை:
கலிஃபோர்னியா என்று முதலிலேயே அழுத்திச் சொல்லியிருந்தால் நானும் யு.எச்.சி. என்றிருப்பேன். வெய்லுக்கு ஓ-3 அடுத்த வருடம்.