ஃபாக் லைட் மாட்டியதால் ஸ்டேட்டருக்கு வாரண்டி கிடையாதாம். இது நியாயமா?

கொடைரோடு ரைடர்:

பைக் வாங்கி நான்கு மாதம்தான் ஆகிறது. ஓடியது 4,000 கி.மீ. கூட இல்லை. கம்பெனி கொடுத்த வாரண்டி 5 ஆண்டு. போன வாரம் மலையிலிருந்து இறங்கும்போது மீட்டரில் பேட்டரி விளக்கு எரிய ஆரம்பித்தது. அப்புறம் ஹார்ன் சத்தம் மங்கியது, வத்தலகுண்டு வருவதற்குள் வண்டி நின்றுவிட்டது. ஷோரூமில் கழற்றிப் பார்த்துவிட்டு, ஸ்டேட்டர் காயில் (இன்ஜினில் கரண்ட் உற்பத்தி பண்ணுகிற சுருள்) எரிந்துவிட்டது, வோல்டேஜைக் கட்டுப்படுத்துகிற ரெகுலேட்டருக்குப் போகிற கப்ளரும் (ஒயர்களை இணைக்கிற பிளக்) உருகியிருக்கிறது என்றார்கள். வாரண்டியில் மாற்றிவிடுவார்கள் என்றுதான் இருந்தேன். மறுநாள் போன் வருகிறது: "வெளியில் ஃபாக் லைட் மாட்டியிருக்கிறீர்கள் சார், வாரண்டி வராது. 9,000 ரூபாய்க்கு மேல் ஆகும்."

மாட்டியது 20 வாட் எல்இடி இரண்டு. பேட்டரியிலிருந்து தனி ஒயர், தனி ஃபியூஸ், ரிலே. கம்பெனி ஒயர் ஒன்றைக்கூட வெட்டவில்லை. பெருமாள்மலைக்கு மேல் பனி இறங்கிவிட்டால் வெறும் ஹெட்லைட்டை நம்பி வண்டி ஓட்ட முடியாது, எனக்கு வேலையே அந்தப் பாதையில்தான். முதல் சர்வீஸை இதே ஷோரூமில்தான் செய்தேன். அப்போதே லைட் இருந்தது, யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எரிந்தது என் லைட்டால்தான் என்று எப்படி முடிவு செய்தீர்கள் என்று கேட்டால், "புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது" என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. இங்கே அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வேலூர் வண்டிக்காரன்:

நண்பரே, புத்தகத்தில் இருக்கிறது என்றால் இருக்கிறதுதான். கம்பெனி அனுமதிக்காத உபகரணம் மாட்டினால் வாரண்டி செல்லாது என்பது எல்லா வண்டியின் வாரண்டி புத்தகத்திலும் உள்ள நிபந்தனை. டெலிவரி எடுக்கும்போது நீங்களும் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். லைட் வேண்டும் என்றால் கம்பெனி விற்கிற லைட்டையே அங்கேயே மாட்டியிருக்கலாம். விலை கூடத்தான், ஆனால் அந்த விலைக்குள் இந்தப் பாதுகாப்பும் சேர்த்திதான்.

ஆயில்கை:

நான் இருபது வருஷத்துக்கு மேல் எலக்ட்ரிகல் வேலை பார்ப்பவன். தம்பி சொல்வது உண்மையென்றால், இந்த லைட் அந்த ஸ்டேட்டரை எரித்திருக்க வாய்ப்பே இல்லை என்பேன்.

காரணம் இதுதான். ஸ்டேட்டரைச் சுற்றி ஓடுவது நிலைக்காந்தம். இன்ஜின் சுற்றுகிற வேகத்துக்கு ஏற்ப அது கரண்ட் உற்பத்தி பண்ணிக்கொண்டே இருக்கும். லைட் எரிகிறதா இல்லையா என்று அதற்குத் தெரியாது. பெரும்பாலான பைக்குகளில் இருப்பது ஷண்ட் வகை ரெகுலேட்டர். பேட்டரி வோல்டேஜ் 14.5 பக்கம் போனதும், மிச்சக் கரண்டை அது ஸ்டேட்டருக்குள்ளேயே ஷார்ட் பண்ணித் திருப்பிவிடும். அதாவது நீங்கள் கரண்டைப் பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் காயிலில் ஓடுகிற கரண்ட் ஏறக்குறைய ஒன்றுதான், சூடும் ஒன்றுதான். லைட் போட்டால் ரெகுலேட்டர் திருப்பி அனுப்புகிற பங்கு கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

லோடு தாங்காமல் போனால் என்ன நடக்கும்? முதலில் பேட்டரி இறங்கும். காலையில் செல்ஃப் எடுக்காது. அதுதான் அதிக லோடின் அடையாளம். காயில் கருகுவது வேறு வியாதி. வார்னிஷ் சரியாகப் பிடிக்காமல் இன்சுலேஷன் போவது, கப்ளரில் பின் லூசாக இருந்து சூடாவது, இதெல்லாம் தொழிற்சாலையில் வருகிற குறை.

முன்னாள் அட்வைசர்:

ஒரு பெரிய இருசக்கர ஷோரூமில் சர்வீஸ் அட்வைசராகவும் அப்புறம் வாரண்டி டெஸ்கிலும் இருந்தவன் நான். ஷோரூம்காரர்கள் வேண்டுமென்றே ஏமாற்றுகிறார்கள் என்று எல்லோரும் நினைப்பதால் உள்ளே நடப்பதைச் சொல்கிறேன்.

வாரண்டியில் மாற்றுகிற பார்ட்டுக்கு ஷோரூம் முதலில் தன் ஸ்டாக்கிலிருந்து எடுத்துப் போடும். பிறகு ஜாப் கார்டு, போட்டோ, பழைய பார்ட் எல்லாம் கம்பெனிக்கு அனுப்பிப் பணத்தைத் திரும்பக் கேட்க வேண்டும். கம்பெனி ரிஜெக்ட் பண்ணினால் நஷ்டம் ஷோரூமுக்கு. எலக்ட்ரிகல் பார்ட் என்றால் ஒயரிங்கில் வெளி வேலை நடந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். ஃபாக் லைட் ஒயர் போட்டோவில் தெரிந்தால் அந்த கிளெய்ம் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். அட்வைசர் முன்கூட்டியே மறுப்பது அதனால்தான்.

ஆயில்கை அண்ணனுக்கு ஒரு கேள்வி. இந்த வண்டியில் இருப்பது ஷண்ட் வகைதான் என்று எப்படித் தெரியும்? இப்போது சீரிஸ் வகை ரெகுலேட்டரும் வருகிறது. அதில் தேவையான கரண்ட்டை மட்டும்தான் ஸ்டேட்டரிலிருந்து எடுக்கும், லோடு கூடினால் காயிலில் கரண்டும் கூடும். அப்போது உங்கள் வாதம் அப்படியே தலைகீழாகிவிடும். இன்னொன்று, 2017 ஏப்ரலிலிருந்து புது வண்டிகளில் ஹெட்லைட்டை அணைக்கவே முடியாது. 2020-ல் பிஎஸ்6 புகை விதி வந்த பிறகு ஃப்யூல் பம்ப், இன்ஜினைக் கட்டுப்படுத்துகிற இசியு, சென்சார் எல்லாம் பெரும்பாலான வண்டிகளுக்குச் சேர்ந்துவிட்டன. சார்ஜிங்கில் மிச்சம் வைத்துத்தான் வடிவமைப்பார்கள், ஆனால் அது வெளியே விற்கிற லைட்டை மனதில் வைத்து அல்ல.

ஆயில்கை:

நல்ல கேள்வி. சீரிஸ் வகை என்றால் நான் சொன்னது அப்படியே பொருந்தாது, உண்மைதான். ஆனாலும் 40 வாட் என்பது மூன்று ஆம்ப். மூன்று ஆம்ப் கூடியதற்கே நான்கு மாதத்தில் கருகுகிற காயில் என்றால், அந்தக் காயிலை யார் சரி என்பார்கள்?

எந்த வகை என்று கண்டுபிடிப்பதும் கஷ்டம் இல்லை. தம்பி, இதே மாடல் வண்டி வைத்திருக்கிற யாரையாவது பிடியுங்கள். ஸ்டேட்டரிலிருந்து வருகிற மூன்று ஒயரில் ஒன்றின் மேல் ஏசி ஆம்ப் காட்டுகிற கிளாம்ப் மீட்டரை மாட்டி, ஒரே ஆர்பிஎம்மில் (இன்ஜின் வேகத்தில்) வைத்து, பேட்டரியில் 40 வாட் பல்பு ஒன்றைக் கொடுத்தும் எடுத்தும் பாருங்கள். ரீடிங் ஏறக்குறைய அப்படியே நின்றால் ஷண்ட். லோடோடு சேர்ந்து ஏறினால் சீரிஸ்.

அந்த உருகிய கப்ளரையும் கவனியுங்கள். அது ஸ்டேட்டருக்கும் ரெகுலேட்டருக்கும் நடுவில் இருப்பது. உங்கள் எலக்ட்ரீஷியன் கை வைத்தது பேட்டரியில். அந்தப் பக்கமே அவர் போகவில்லை.

சேலம் செல்வி:

டெக்னிகல் விஷயம் எனக்குத் தெரியாது, ஆனால் நுகர்வோர் புகார்கள் எழுதிக் கொடுத்த அனுபவம் உண்டு. முதலில் செய்ய வேண்டியது, மறுப்பை எழுத்தில் வாங்குவது. போனில் சொன்னதற்கு மதிப்பு கிடையாது. எந்த நிபந்தனையின் கீழ், என்ன சோதனை செய்து, யார் மறுத்தார்கள் என்று ஷோரூமுக்கும் கம்பெனிக்கும் ஒரே மெயிலில் கேளுங்கள். ஜாப் கார்டு நகலும் கேளுங்கள்.

வேலூர் நண்பர் கையெழுத்தைப் பற்றிச் சொன்னார். கையெழுத்துப் போட்டால் எல்லாம் முடிந்தது என்று ஆகிவிடாது. 2014-ல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகள் மீது போட்ட உத்தரவில் இதைத்தான் சொன்னது: வெளியில் வேலை செய்தார் என்பதற்காக வாரண்டி முழுவதையும் ரத்து செய்கிற பொது நிபந்தனை கூடாது, அந்த வேலையின் தவறால் ஏற்பட்ட சேதத்துக்கு மட்டும் மறுக்கலாம். இங்கே அந்தத் தொடர்பைக் காட்டினார்களா? காட்டவில்லை.

வேலூர் வண்டிக்காரன்:

செல்வி மேடம், அது கார் கம்பெனிகளைப் பற்றியது, ஸ்பேர் பார்ட்ஸ் வியாபாரப் பிரச்சினை, மேல்முறையீட்டுக்கும் போனது. பைக்குக்கு அதை அப்படியே எடுத்துப் போட முடியாது. நுகர்வோர் ஆணையத்தில் உற்பத்திக் குறை என்று சொல்பவர்தான் நிரூபிக்க வேண்டும். நிபுணர் அறிக்கை இல்லை என்று தள்ளுபடியான வண்டி வழக்குகள் எத்தனையோ உண்டு. நண்பரை உசுப்பிவிட்டு வழக்கில் இறக்காதீர்கள். 9,000 ரூபாய்க்காக வேலைக்குப் போகிற வண்டியை மாதக்கணக்கில் ஷெட்டில் போட முடியுமா?

சேலம் செல்வி:

பைக்குக்கு அந்த உத்தரவு நேரடியாகக் கட்டுப்படுத்தாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாதத்துக்கு நல்ல துணை. நிரூபிக்கும் பொறுப்பில் மட்டும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. வண்டியையே மாற்றிக் கொடு, முழுப் பணத்தைத் திருப்பிக் கொடு என்று கேட்டால் நீங்கள் சொல்கிற நிபுணர் அறிக்கை கட்டாயம் தேவைப்படும். இவர் அப்படிக் கேட்கவில்லை. வாரண்டி காலத்துக்குள் ஒரு பார்ட் போய்விட்டது, மாற்றிக் கொடு என்கிறார். பார்ட் போனதை அவர்களே ஜாப் கார்டில் எழுதியிருக்கிறார்கள். விதிவிலக்கைக் காட்டித் தப்பிக்க நினைப்பவர்தான் அந்த விதிவிலக்கு பொருந்துகிறது என்று காட்ட வேண்டும், அதுதான் என் வாதம். தவிர, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38-வது பிரிவில், சோதனை தேவை என்றால் பொருளை முத்திரையிட்டுத் தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்ப நுகர்வோர் ஆணையத்துக்கே அதிகாரம் இருக்கிறது.

வண்டியை ஷெட்டில் போட வேண்டியதில்லை. "ஆட்சேபத்துடன் பணம் கட்டுகிறேன்" என்று மெயில் போட்டுவிட்டுப் பில்லோடு வண்டியை எடுங்கள். ஆனால் எரிந்த ஸ்டேட்டரையும் கப்ளரையும் கட்டாயம் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். காசு கொடுத்து மாற்றினால் பழைய பார்ட் உங்களுடையது. அது போய்விட்டால் வழக்கே போய்விட்டது.

செலவைப் பற்றியும் பயப்பட வேண்டாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணமே கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை. 2 ஆண்டுக்குள் போட்டால் போதும். கம்பெனியின் தலைமையகம் எங்கே இருந்தாலும், புதுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். நிறைய பிரச்சினை அங்கேயே முடிந்துவிடுகிறது.

முன்னாள் அட்வைசர்:

பழைய பார்ட்டை வாங்கச் சொன்னதை நானும் ஆமோதிக்கிறேன். ஆனால் கம்பெனியோடு நேரடியாகச் சண்டைக்குப் போவதற்கு முன் ஏரியா சர்வீஸ் மேனேஜரைக் கேளுங்கள். குட்வில் என்று ஒரு வழி இருக்கிறது. வாரண்டி நிபந்தனைக்குள் வராவிட்டாலும் கம்பெனி பாதிப் பணத்தையோ பார்ட்டின் விலையை மட்டுமோ ஏற்கும். வக்கீல் நோட்டீஸ் போன பிறகு அந்தக் கதவு மூடிவிடும், ஃபைல் சட்டப் பிரிவுக்குப் போய்விடும். அதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

தேனி சரவணா:

ஒன்று மட்டும் கேட்கிறேன். டெலிவரி அன்று இதே ஷோரூம்கள்தானே லோக்கல் கிராஷ் கார்டு, ஹார்ன், மொபைல் சார்ஜர் எல்லாம் மாட்டி அதற்குப் பில்லும் போடுகிறார்கள்? என் வண்டியில் சார்ஜரை ஹெட்லைட் ஒயரை உரித்து ஜாயின்ட் அடித்துத்தான் கொடுத்தார்கள். அவர்கள் மாட்டினால் வாரண்டி இருக்கும், நாம் ரிலே, ஃபியூஸ் போட்டு முறையாக மாட்டினால் போய்விடுமா? இதை ஏற்கவே முடியாது.

முன்னாள் அட்வைசர்:

சரவணா சொல்வது நடக்கிற விஷயம்தான். கம்பெனிக்குத் தெரியாமல் செய்வது, தவறும்கூட. அப்படி மாட்டியதற்குப் பில் இருந்தால் பத்திரமாக வையுங்கள், ஷோரூமே மாட்டியது என்று காட்ட அது ஒன்றுதான் ஆதாரம். ஆனால் கொடைரோடு நண்பரின் லைட்டுக்கு அது உதவாது. அவர் வெளியில் மாட்டியிருக்கிறார்.

கொடைரோடு ரைடர்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று என்னோடு வேலை செய்பவரின் வண்டியில், இதே மாடல்தான், கிளாம்ப் மீட்டர் வைத்துப் பார்த்தோம். பல்பு கொடுத்தாலும் எடுத்தாலும் ரீடிங் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் நிற்கிறது. வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன், மீட்டரும் ஆர்பிஎம்மும் ஒரே ஃபிரேமில் தெரியும்படி.

மெயிலுக்குப் பதில் வந்தது. "அங்கீகரிக்கப்படாத மின் உபகரணம் காரணமாக" என்று ஒரே வரி. என்ன சோதனை என்ற கேள்விக்குப் பதில் இல்லை. ஏரியா மேனேஜரிடம் பேசினேன். பார்ட் விலையில் பாதியைத் தருவதாகச் சொல்கிறார், ஆனால் "இனி இது சம்பந்தமாகக் கோர மாட்டேன்" என்று எழுதிக் கொடுக்க வேண்டுமாம். எனக்கு மனம் ஒப்பவில்லை. பாதிப் பணத்துக்காக, என் லைட்தான் காரணம் என்று நானே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். அடுத்த நான்கு வருஷத்தில் ஒயரிங் ஹார்னஸ் போனாலும் இசியு போனாலும் இந்தக் காகிதத்தைத்தானே நீட்டுவார்கள்?

வேலூர் வண்டிக்காரன்:

வாங்கிக்கொள்ளுங்கள் என்பதுதான் இப்போதும் என் கருத்து. சட்டத்தில் மூன்று மாதம், சோதனை இருந்தால் ஐந்து மாதம் என்று எழுதியிருக்கிறது. நடைமுறையில் அதற்குள் முடிந்ததை நான் பார்த்ததில்லை. அந்த வீடியோ வேறொருவர் வண்டியில் எடுத்தது என்று எதிர்தரப்பு ஒரு வரியில் தள்ளிவிடும்.

ஆயில்கை:

தள்ளட்டும். உங்கள் வண்டியில் புது ஸ்டேட்டர் போட்ட பிறகு அதே சோதனையை அவர்கள் ஷோரூமிலேயே, அவர்கள் மீட்டரிலேயே செய்யச் சொல்லிக் கேளுங்கள். மறுத்தால் மறுத்ததை எழுதி வாங்குங்கள். எரிந்த காயிலையும் நன்றாகப் படம் எடுங்கள். காயில் சுற்றியிருக்கிற எல்லா போல்களும் ஒரே மாதிரி கருகியிருக்கிறதா, ஒரு பக்கம் மட்டுமா என்று தெரிய வேண்டும். ஒரே ஃபேஸின் (அந்த மூன்று ஒயரில் ஒன்றுக்கு உரிய) சுருள்கள் மட்டும் கருகி மற்றவை பளபளவென்று இருந்தால், லோடு என்ற பேச்சுக்கே இடமில்லை. லோடு மூன்று ஃபேஸுக்கும் பொது.

முன்னாள் அட்வைசர்:

அந்தப் படம் எனக்கும் வேண்டும். மூன்று ஃபேஸும் ஒரே சீராகக் கருகியிருந்தால் நான் கம்பெனி பக்கம்தான் நிற்பேன், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

சேலம் செல்வி:

எழுதிக் கொடுக்கச் சொல்கிற அந்தக் காகிதத்தின் வாசகத்தை முதலில் மெயிலில் கேளுங்கள். "இந்த ஸ்டேட்டர் கோரிக்கைக்கு மட்டும், காரணத்தை ஒப்புக்கொள்ளாமல்" என்று மாற்றித் தந்தால் யோசிக்கலாம். தராவிட்டால் 1915-ல் போட்டுவிட்டு, புகாரில் ஷோரூமையும் கம்பெனியையும் இருவரையுமே எதிர்தரப்பாகச் சேருங்கள். ஒருவரை விட்டுவிட்டால் மற்றவர் கையைக் காட்டித் தப்பிப்பார்.

கொடைரோடு ரைடர்:

திங்கட்கிழமை வண்டியை எடுக்கப் போகிறேன், ஆட்சேப மெயில் போட்டுவிட்டேன். காயிலின் படம் அன்று மாலையே இங்கே போடுகிறேன், எப்படி இருந்தாலும்.