பத்து மாதக் குழந்தையின் காதிலிருந்து தண்ணீர் போல வடிகிறது, சீழ் இல்லை

கேள்வி | தூங்காத அம்மா
பையனுக்கு நாலு நாளாக இடது காதிலிருந்து வெறும் தண்ணீர் மாதிரி வடிகிறது. நாற்றம் இல்லை, காய்ச்சல் இல்லை, அடியும் படவில்லை. அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் தலைக்கு அடியில் விரித்த துணி நனைந்துவிடுகிறது, அழும்போது இன்னும் கூடுதல். சொட்டு மருந்து போட்டும் நிற்கவில்லை. ஐந்தாம் மாதத்தில் மூளைக்காய்ச்சல் வந்து தேறினான். பிறந்தபோது செய்த செவித்திறன் சோதனையில் இதே காது தேறவில்லை, மறுபடி காட்டச் சொன்னதை நாங்கள்தான் விட்டுவிட்டோம்.

பதில் | காது வார்டு செவிலி
இன்றைக்கே கிளம்புங்கள். கடைசியாகச் சொன்ன இரண்டு விஷயமும்தான் எனக்கு உறுத்துகிறது. சில குழந்தைகளுக்கு உள்காது பிறவியிலேயே சரியாக உருவாகியிருக்காது. நடுக்காதுக்கும் உள்காதுக்கும் இடையில் இருக்கிற அங்கவடி என்ற குட்டி எலும்பின் அடித்தட்டில் ஓட்டை இருந்தால் மூளையைச் சுற்றியுள்ள திரவம் அது வழியாக நடுக்காதுக்குக் கசியும். செவிப்பறை கிழிந்திருந்தால் வெளியே வடியும், இல்லையென்றால் மூக்குப் பக்கம் இறங்கிவிடும், யாருக்கும் தெரியாது. திரவம் வெளியே வருகிற அதே வழியில் கிருமி உள்ளே போகும், மூளைக்காய்ச்சல் திரும்பத் திரும்ப வருவது அதனால்தான். சொட்டு மருந்தை நிறுத்தலாமா என்று அங்கேயே கேளுங்கள். பஞ்சை உள்ளே திணிக்காதீர்கள், வெளியே சுத்தமான துணி வைத்தால் போதும். காய்ச்சல், வாந்தி, துவண்டுபோவது, உச்சிக்குழி புடைப்பது, இதில் எது வந்தாலும் நேராக அவசரப் பிரிவு.

பதில் | ரெட்டை ஜடை அப்பா
எங்கள் மகளுக்கு நடுக்காதில் நீர் கோத்திருக்கிறது என்று டியூப் வைக்கப் போனார்கள். செவிப்பறையைக் கீறியதும் தெளிந்த தண்ணீர் குபுகுபுவென்று வந்து நிற்கவே இல்லையாம். அப்புறம்தான் சிடி, எம்ஆர்ஐ எல்லாம். காதுக்குள் தசைத் துண்டு வைத்து அடைத்தார்கள், கசிவு நின்றது. அந்தக் காது கேட்கவில்லை, அது முதலிலிருந்தே கேட்டதில்லை என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

பதில் | சும்மா ஒரு சந்தேகம்
சர்க்கரை பார்க்கிற பட்டையில் ஒரு சொட்டு விட்டால் அது மூளைத் திரவமா என்று தெரியும் என்கிறார்களே?

பதில் | காது வார்டு செவிலி
நம்பாதீர்கள், கண்ணீரிலும் ரத்தத்திலும் கூட சர்க்கரை உண்டு. மூளைத் திரவத்தில் இருக்கிற பீட்டா-2 டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதத்தைத் தேடும் சோதனைதான் சரி. வடிவதைச் சுத்தமான சின்னக் குப்பியில் பிடித்துக் கொண்டுபோங்கள், கொஞ்சம் போதும். மூளைக்காய்ச்சல் தரும் ஒரு கிருமிக்கு எதிரான நிமோகாக்கல் தடுப்பூசி எத்தனை தவணை போட்டீர்கள் என்ற அட்டையும் வேண்டும்.

பதில் | தூங்காத அம்மா
சேர்த்துக்கொண்டார்கள். நாளைக் காலை சிடி. குப்பியில் பிடித்ததைப் பார்த்ததும் டாக்டர் முதலில் கேட்டது அந்த மூளைக்காய்ச்சலைப் பற்றித்தான்.