குழு வேலையில் என் மகளுக்குக் கலர் அடிக்கும் வேலை மட்டும்தானா?

கிள்ளான் அம்மா:
மகள் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்து, இப்போது மலாயில் பாடம் நடக்கும் தேசிய இடைநிலைப்பள்ளியில் படிவம் ஒன்று படிக்கிறாள். வகுப்பில் மலாய், சீனப் பிள்ளைகளோடு கலந்துதான் உட்காருகிறாள். ஆனால் அறிவியலில் குழு வேலை என்றால் மஹ்ஜோங் பேப்பரில் (பெரிய வெள்ளைத் தாளில்) தலைப்பு எழுதிக் கலர் அடிப்பதோடு சரி. வகுப்பின் முன் நின்று படைப்பது எப்போதும் வேறொரு பிள்ளை. வீட்டில் கேட்டால் பாடத்தை நன்றாகச் சொல்கிறாள். டீச்சரிடம் இடம் மாற்றச் சொல்லலாமா?

ஈப்போ டீச்சர்:
இடம் மாற்றிப் பிரயோஜனமில்லை சகோதரி. நானும் படிவம் ஒன்றுக்கு அறிவியல்தான் எடுக்கிறேன். ஒளிச்சேர்க்கையை உங்கள் மகள் தமிழில் படித்துவிட்டு வருகிறாள், சீனப் பள்ளிப் பிள்ளை மாண்டரினில். மலாயிலேயே படித்த தேசியப் பள்ளிப் பிள்ளைக்குத்தான் மலாய் வாக்கியம் தயாராக இருக்கிறது. ஐந்து பேருக்கு ஒரே தாளைக் கொடுத்தால் அந்தப் பிள்ளை பேனாவை எடுக்கும், மற்றவை ஒதுங்கிவிடும். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஆசிரியர் கண்ணுக்கு மட்டும் ஒதுங்கியவள் மக்காகத் தெரிவாள். அதுதான் எனக்கு எரிச்சல்.

நான் செய்வது ஜிக்சா முறை. 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் தொடங்கியது. அங்கே வெள்ளை, கறுப்பு, மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளைப் புதிதாக ஒரே வகுப்பில் சேர்த்திருந்தார்கள், ஒரே சண்டை. பாடத்தைத் துண்டாக்கி ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். ஒருவர் சொல்லாவிட்டால் மற்றவருக்கு அந்தத் துண்டு கிடைக்காது என்பதால் கேட்டே ஆக வேண்டும்.

என் வகுப்பில் நால்வர் குழு. சூரிய ஒளி, பச்சையம், நீர், கரியமில வாயு என்று ஆளுக்கு ஒன்று. முதலில் எல்லாக் குழுக்களின் 'நீர்' பிள்ளைகளும் ஒன்றாகக் கூடிப் பேசுவார்கள், அதே நேரத்தில் 'ஒளி' பிள்ளைகள் தனியாக, இப்படியே. அந்த நேரத்தில் தாய்மொழியில் கிசுகிசுத்தால் நான் கண்டுகொள்ள மாட்டேன். சொல்ல வேண்டியதை அங்கேயே மலாயில் ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் தன் குழுவுக்குத் திரும்ப வேண்டும். முதல் வாரம் சொதப்பும், சத்தமும் அதிகம். பிறகு மற்ற பிள்ளைகளே "எந்தப் பக்கத்திலிருந்து நீர் வரும்?" என்று கேள்வி கேட்டு வாயைத் திறக்க வைப்பார்கள்.

ஓய்வு நேரத்தில் சிற்றுண்டிச்சாலையில் நம் பிள்ளைகளோடு உட்காருகிறாளா? உட்காரட்டும், அதில் கை வைக்காதீர்கள்.

தைப்பிங் ராஜா:
டீச்சர் சொல்வது சரி, ஆனால் மலாய் டியூஷனும் வேண்டும். நான் அந்தக் காலத்தில், படிவம் ஒன்றுக்கு முந்திய புகுமுக வகுப்பில் ஒரு வருடம் இருந்தவன். மலாய் பழகத்தான் அந்த வகுப்பு, ஆனால் அங்கே இருந்ததெல்லாம் தமிழ், சீனப் பள்ளிப் பையன்கள். மலாய்க்காரப் பையன் ஒருத்தன்கூட இல்லை! எனக்கு மலாய் வந்தது பந்து விளையாடிய திடலில்தான்.

ஈப்போ டீச்சர்:
டியூஷன் வேண்டாம் என்று சொல்லவில்லை ராஜா. அங்கே இலக்கணம் வரும். பயம் போக சகவயதுப் பிள்ளைதான் வேண்டும், அதற்குத்தான் உங்கள் திடல் உதவியிருக்கிறது.

கிள்ளான் அம்மா:
நன்றி டீச்சர். அறிவியல் டீச்சரிடம், குழுவில் ஒரு பகுதியை அவளே படைக்க விடுங்கள் என்று மட்டும் கேட்கப்போகிறேன். கணிதத்துக்கும் இது ஒத்துவருமா?

ஈப்போ டீச்சர்:
கணிதத்தில் கஷ்டம். முதல் படி புரியாமல் இரண்டாவதைத் தனியாகக் கொடுக்க முடியாது. வரலாற்று டீச்சரிடம் கேட்டுப் பாருங்கள், அந்தப் பாடத்தைத் துண்டு போடுவது சுலபம்.