முழு மாரத்தானுக்குப் பின் மூன்று வாரத்தில் பழனிப் பாதயாத்திரை: உடல் தேறிவிடுமா?

கேள்வி: பனியன்நகர் ஓட்டக்காரி (திருப்பூர்)

அனைவருக்கும் வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை சென்னையில் என் முதல் முழு மாரத்தானை, 42.195 கிலோமீட்டரையும், ஐந்தேகால் மணி நேரத்தில் ஓடி முடித்தேன். எனக்கு வயது 41. ஒரு பனியன் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் நாள் முழுவதும் உட்கார்ந்து செய்யும் வேலை. ஓடிய அன்று மாலை ஓரளவு நடமாட முடிந்தது. ஆனால் திங்கட்கிழமையும் செவ்வாய்க்கிழமையும் மாடிப்படியில் முன்பக்கமாக இறங்கவே முடியாமல், கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பின்புறமாகத் திரும்பி ஒவ்வொரு படியாக இறங்கினேன். இன்று தொடை வலி சற்றுக் குறைந்திருக்கிறது. இடது முழங்காலுக்குக் கீழே, எலும்பின் உட்புற ஓரத்தில், கட்டைவிரல் நுனி அளவு இடத்தில் மட்டும் அழுத்தினால் சுருக்கென்று வலிக்கிறது.

நல்லெண்ணெய் தேய்த்து அழுத்தி உருவிவிட்டால் சரியாகிவிடும் என்கிறார் மாமியார். வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் ஆண்டு உடல் பரிசோதனை இருக்கிறது. எல்லாவற்றையும் விட எனக்கு முக்கியமானது தைப்பூசம்: எங்கள் குடும்பத்தில் மாலை போட்டு, தாராபுரத்திலிருந்து பழனிக்குச் சுமார் 35 கிலோமீட்டர் நடந்து போவது வழக்கம். அதற்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. நடக்கலாமா?

பதில் 1: இயன்முறை மருத்துவர் (கோயம்புத்தூர்)

சகோதரி, முதலில் வாழ்த்துகள். படி இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்க வேண்டியிருக்கிறது. மாரத்தானில் ஒவ்வோர் அடி ஊன்றும்போதும் இதே வேலையைத்தான் அந்தத் தசை பல்லாயிரம் முறை செய்து, அதன் நுண்ணிழைகள் சிதைந்திருக்கின்றன. அந்த வலி மறுநாள் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்தைத் தொட்டு, பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும். ஆனால் வலி போவதும் தசை முழுமையாகத் தேறுவதும் ஒரே நாளில் நடப்பவை அல்ல; வலி நின்ற பிறகும் தசையின் பலம் திரும்பச் சில வாரங்கள் ஆகலாம் என்பதை மறந்துவிட வேண்டாம்.

அழுத்தி உருவுவது இப்போது வேண்டாம். எண்ணெய் தடவி மென்மையாக நீவிவிட்டு வெதுவெதுப்பான நீரில் குளித்தால் சுகமாக இருக்கும், தூக்கமும் நன்றாக வரும். ஐபுபுரோஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளை இந்த நாட்களில் தாமாக வாங்கி விழுங்குவதை நான் உறுதியாகத் தடுப்பேன், ஏனெனில் நீர்ச்சத்து இழந்து களைத்திருக்கும் சிறுநீரகத்துக்கு அவை மேலும் சுமையாகும்.

எனக்குக் கவலை தருவது நீங்கள் சொன்ன கட்டைவிரல் நுனி அளவு இடம்தான். தசை வலி பரவலாக, பெரும்பாலும் இரண்டு கால்களிலும் இருக்கும். ஒரே காலில், எலும்பின் மேல், விரல் வைத்துக் காட்டக்கூடிய ஒரே புள்ளியில் வலித்தால் எலும்பில் மயிர்க்கோடு போன்ற விரிசல் தொடங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆரம்ப வாரங்களில் எக்ஸ்ரேயில் இது தெரியாமலே போகலாம், எம்.ஆர்.ஐ.யில் தெரியும். ஆகவே எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்து நிம்மதி அடையாமல், எலும்பு மருத்துவரிடம் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டுங்கள். அவர் பார்த்துச் சொல்லும்வரை பாதயாத்திரையைப் பற்றி எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.

பதில் 2: ஆய்வகப் பணியாளர் (பெருந்துறை)

அக்கா, வெள்ளிக்கிழமைப் பரிசோதனையை எப்படியாவது இரண்டு வாரம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். நெடுந்தூரம் ஓடியவர்களின் ரத்தத்தில் கிரியாட்டின் கைனேஸ் என்னும் தசை நொதி சில நாட்களுக்கு வழக்கத்தைவிடப் பல மடங்கு ஏறி நிற்கும். கல்லீரல் பரிசோதனையில் பார்க்கும் எஸ்.ஜி.ஓ.டி. தசையிலும் இருப்பதால் அதுவும் கூடவே ஏறும். ஓடிய விவரம் தெரியாத மருத்துவர் அந்த அறிக்கையைப் பார்த்தால் கல்லீரல் கோளாறோ என்று ஐயப்பட்டு, அடுத்தடுத்த பரிசோதனைகளுக்கு எழுதிக்கொடுக்க நேரும். தள்ளிப்போட முடியாவிட்டால் மாரத்தான் ஓடிய நாளைச் சொல்லி, சீட்டிலும் எழுதச் சொல்லுங்கள், ஜி.ஜி.டி. என்னும் கல்லீரல் நொதியையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னால், அது தசையிலிருந்து வராது என்பதால் குழப்பம் தீரும்.

சிறுநீர் கட்டன் காப்பி நிறத்தில் போனாலோ, மிகக் குறைவாகப் போனாலோ, அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். சென்னையிலிருந்து வெகுநேரம் உட்கார்ந்தபடி பயணம் செய்து வந்திருப்பீர்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் ரத்தக்கட்டாக இருக்கலாம் என்பதால் அதற்கும் காத்திருக்கக் கூடாது.

பதில் 3: காலிங்கராயன் கரை (ஈரோடு)

அம்மணி, நியூசிலாந்தின் ஜாக் ஃபாஸ்டர் 1974ஆம் ஆண்டு கிறைஸ்ட்சர்ச் காமன்வெல்த் போட்டியில், இப்போது உங்களுக்கு இருக்கும் அதே 41 வயதில், மாரத்தானில் வெள்ளிப் பதக்கம் வாங்கியவர். பந்தயத்தில் ஓடிய ஒவ்வொரு மைலுக்கும் ஒரு நாள் என்று கணக்கிட்டு, அதுவரை கடுமையாக ஓடக்கூடாது என்ற விதியை அவர் பெயரில்தான் ஓட்டக்காரர்கள் சொல்வார்கள். மாரத்தான் 26 மைல் என்பதால் 26 நாள். உங்கள் பாதயாத்திரை அந்தக் கெடுவுக்குள்தான் வருகிறது. நடைதானே என்று எண்ண வேண்டாம். 35 கிலோமீட்டர் நடை என்பது தார்ச்சாலையில் பொழுதெல்லாம் காலூன்றி நிற்கும் வேலை.

முதல் வாரம் ஓட்டமே வேண்டாம்; காலை வெயில் ஏறுமுன் சமதரையில் அரை மணி நேரம் நடந்தால் போதும். சாப்பாட்டில் குறைவைக்காதீர்கள். ஓடி முடித்தவுடன் எடையைக் குறைக்க இதுவே சமயம் என்று சோற்றைக் குறைப்பவர்கள் உண்டு. அது கூடாது, ஏனெனில் தசையில் கரைந்துபோன மாவுச்சத்து இருப்பு சோற்றிலும் களியிலும் கம்மங்கூழிலும்தான் நிறைகிறது. நம் வீட்டு அரிசிம்பருப்புச் சோறும், கொள்ளுக் கடைசலும், முட்டையும், மோரும் இருந்தாலே தசை தேற வேண்டிய சத்து கிடைத்துவிடும்; கடையில் விற்கும் புரதப் பொடிக்கு நான் காசு கொடுக்கச் சொல்ல மாட்டேன். பெண்கள் ஹீமோகுளோபின் அளவையும் இரும்புச் சத்தையும் அந்தத் தள்ளிவைத்த பரிசோதனையிலேயே பார்த்துக்கொள்வது நல்லது.

மறுமொழி: பனியன்நகர் ஓட்டக்காரி

மூவருக்கும் மிக்க நன்றி. பரிசோதனையைத் தள்ளிவைக்க மனிதவளப் பிரிவில் ஒப்புக்கொண்டார்கள்; நாளை மாலை எலும்பு மருத்துவரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். அவர் நடக்கலாம் என்று சொன்னால், மாலை போட்டபின் செருப்பில்லாமல் நடப்பதுதான் எங்கள் வழக்கம் என்பதையும், மலையேற்றத்தையும் எப்படிச் சமாளிப்பது?

பதில் 4: அமராவதிக் கரை (தாராபுரம்)

வணக்கம் அக்கா. நான் இந்த வழியில் நடப்பவன். எலும்பில் குறை எதுவும் இல்லை என்று உறுதியானால் மட்டும், முழுத் தூரத்தையும் ஒரே நாளில் நடக்காமல் இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வழியெங்கும் பந்தல் போட்டு நீர்மோரும் அன்னதானமும் கொடுப்பார்கள், தங்க இடம் கேட்டால் யாரும் மறுப்பதில்லை. மாரத்தானில் கறுத்த கால் நகம் இருந்தால் பிடுங்காமல் விட்டுவிட்டு, கொப்புளம் முழுக்க ஆறியிருந்தால் மட்டுமே வெறுங்காலுடன் இறங்குங்கள். இல்லையென்றால் காலுறையாவது போட்டுக்கொள்ளுங்கள். உடல்நலம் கருதிச் செருப்பணிந்து நடப்பவர்களையும் ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன்.

மலையில் 693 படிகளையும் ஏறுவதில் உங்களுக்கு அவ்வளவு சிரமம் இராது. இறங்குவதுதான் தொடையைத் திரும்பவும் கெடுக்கும். தைப்பூச நெரிசலில் விஞ்சுக்கும் ரோப் காருக்கும் வரிசை நீளமாகத்தான் நிற்கும், இருந்தாலும் இறங்கும் வழிக்கு அந்த வரிசையில் காத்திருங்கள். அதுவும் முடியாவிட்டால் யானைப் பாதை சரிவாக இருக்கும். அதில் அடியைச் சுருக்கி, மெதுவாக இறங்கி வரலாம்.